"எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்": யார் அந்த எல்லோரும்?

கேள்வி இது: ஒரு சமூகத்தைப் பற்றி யாரோ ஒருவர் ஏதோ சொன்னால் வம்பு என்று தள்ளிவிடலாம், ஆனால் பழைய கெசட்டியரிலும் (மாவட்டங்களைப் பற்றி அரசு வெளியிட்ட குறிப்பு நூல்) அதே இருக்கிறது, போலீஸ் குறிப்பிலும் இருக்கிறது, வீட்டுப் பெரியவர்களும் சொல்கிறார்கள், சினிமாவிலும் அப்படியே வருகிறது என்றால் கொஞ்சமாவது உண்மை இருக்கத்தானே வேண்டும்? நெருப்பில்லாமல் புகையுமா?

புகையும். அதற்கு ஆதாரமும் இருக்கிறது, காகிதத்திலேயே இருக்கிறது. இத்தனை பேர் சொல்கிறார்களே என்னும்போது நாம் மனதில் இத்தனை சாட்சிகள் என்று கணக்குப் போட்டுக்கொள்கிறோம். தோண்டிப் பார்த்தால் சாட்சி ஒருவராகத்தான் இருப்பார், மற்றவர்கள் எல்லாம் அவர் எழுதியதைப் படியெடுத்தவர்கள். பொதுவாகவே பேசிக்கொண்டிருந்தால் இது புரியாது, அதனால் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்: சில சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய வெள்ளைக்காரர் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம். ஒருதலைப்பட்சமான ஒரு கதை எப்படிப் பிறந்து, எப்படி நூலாகி, எப்படிச் சட்டமாகி, கடைசியில் எப்படித் தனக்குத் தானே ஆதாரம் தயாரித்துக்கொண்டது என்பதை முதலிலிருந்து கடைசி வரை பார்க்கக் கிடைக்கும் விஷயங்கள் குறைவு. இது அதில் ஒன்று.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1830-களில் வட இந்தியாவில் வழிப்போக்கர்களைக் கழுத்தை நெரித்துக் கொல்லும் தக்கர்களை ஒழிக்கிறோம் என்று கம்பெனி அரசு இறங்கியது. முன்னின்று நடத்தியவர் வில்லியம் ஸ்லீமன். அவர்கள் கையாண்ட வழி அப்ரூவர். பிடிபட்டவர்களில் ஒருவர் மற்றவர்களைக் காட்டிக்கொடுத்தால் தூக்கிலிருந்து தப்பலாம். அப்படி ஒரு நிலையில் இருப்பவர் என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். கேட்பவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதைத்தான், அதுவும் விலாவாரியாக. "இது எங்கள் குலத்தொழில், அப்பன் பாட்டன் காலத்திலிருந்து செய்கிறோம், காளி சொல்லித்தான் செய்கிறோம்" என்கிற மாதிரியான வாக்குமூலங்கள் குவிந்தன. 1836-ல் வந்த சட்டப்படி ஒருவர் குறிப்பிட்ட கொலை எதையும் செய்ததாக நிரூபிக்கத் தேவையில்லை, தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று நிரூபித்தாலே ஆயுள் தண்டனை. வழிப்பறிக் கொலைகளே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, நடந்தன. அவையெல்லாம் நாடு முழுக்கப் பரவிய ஒரு ரகசியப் பரம்பரைக் கூட்டத்தின் வேலையா, இல்லை பஞ்சமும் வேலையின்மையும் உண்டாக்கிய சாதாரணக் கொள்ளைகளா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். ஆனால் அன்றைய அதிகாரிகளுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. இந்தியாவில் சாதிக்கு ஒரு தொழில் உண்டு, எனவே குற்றத்தையே தொழிலாகக் கொண்ட சாதிகளும் இருக்கும் என்கிற அச்சு அங்கே தயாராகிவிட்டது.

அந்த அச்சில் வார்த்ததுதான் 1871-ன் குற்றப் பரம்பரைச் சட்டம். முதலில் வடக்கே, அப்புறம் வங்காளம், 1911-ல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பழங்குடி என்று அரசு அறிவிக்கை போட்டுவிட்டால் முடிந்தது, அதில் பிறந்த குழந்தையும் அந்தக் கணக்கில்தான். (இதே 1871 சட்டத்தின் இன்னொரு பகுதி திருநங்கைகளைப் பதிவு செய்து கண்காணிக்கச் சொன்னது. பெண் உடை உடுத்திப் பொது இடத்தில் ஆடினாலே குற்றம். இதை யாரும் அதிகம் பேசுவதில்லை.)

அந்தச் சட்டத்தில் என்னை மிகவும் உறுத்துவது ஒரே ஒரு பிரிவு. ஒரு கூட்டத்தைக் குற்றப் பழங்குடி என்று அறிவித்தது செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்று அதில் எழுதியே வைத்தார்கள். ஒருதலைப்பட்சமான கதை என்றால் நாம் ஏதோ ஒரு பத்திரிகைக்காரர் சோம்பலில் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு எழுதியதாக நினைத்துக்கொள்கிறோம். இங்கே மறுபக்கத்தைக் கேட்பதையே சட்டம் தடுத்தது. கதையைச் சொன்னவரே போலீஸ், எழுதியவரும் போலீஸ், சரிபார்க்க வேண்டிய நீதிபதிக்கு வாய்ப்பூட்டு.

சரி, விட்டுப்போன மறுபக்கம் என்ன?

குறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பகுதிகளிலும் ஆந்திரத்திலும் (அங்கே எருகுலர்) இவர்களில் பெரும்பகுதியினர் சுமைமாடுகளிலும் கழுதைகளிலும் கடற்கரையிலிருந்து உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய், தானியம் மாற்றிக்கொண்டு திரும்பும் வியாபாரிகள். உப்புக் குறவர் என்று ஒரு பிரிவே உண்டு. சாலை இல்லாத ஊர்களுக்கு உப்பு போய்ச் சேர்ந்ததே இவர்களால்தான். 1805-ல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் ஏகபோகமானது. 1856-ல் சென்னையிலிருந்து ஆற்காட்டுப் பக்கம் ரயில் ஓட ஆரம்பித்து, பிறகு பாதைகள் நீண்டுகொண்டே போயின. ரயிலில் போகும் உப்போடு மாட்டு முதுகில் போகும் உப்பு போட்டி போட முடியுமா? அப்புறம் 1876-78 தாது வருஷப் பஞ்சம், மாடுகள் செத்தன. 1882-ல் சென்னை வனச் சட்டம், மேய்ச்சலுக்கும் மூங்கிலுக்கும் காட்டுக்குள் போவதும் சிக்கலானது. முப்பது நாற்பது வருடங்களில் ஒரு தொழில் அடியோடு போனது. அதன் பிறகு இவர்களைப் பார்த்த போலீஸ்காரர் குறிப்பில் என்ன எழுதுவார்? நிரந்தர வீடு இல்லை, கண்ணுக்குத் தெரிந்த பிழைப்பு இல்லை, ஊர் ஊராக அலைகிறார்கள். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்தப் பிழைப்பு எங்கே போனது, யார் எடுத்துக்கொண்டார்கள் என்பது மட்டும் அந்தக் குறிப்பில் இல்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வருகிறேன்: முத்திரை குத்தப் பொய் சொல்லத் தேவையே இல்லை, கதையை எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று முடிவு செய்தால் போதும்.

பிரமலைக் கள்ளர்கள் கதை இதைவிடச் சிக்கலானது, அதனால்தான் அதையும் சொல்ல வேண்டும். மதுரைப் பக்கத்தில் காவல் முறை என்று ஒன்று இருந்தது. ஊருக்குக் காவல் இருப்பார்கள், ஊர் அதற்குக் கூலி கொடுக்கும், களவு போனால் காவல்காரர் மீட்டுத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். கம்பெனி வந்து தன் போலீசை வைத்ததும் இந்தக் காவல் போட்டியாளர் ஆகிவிட்டது. அரசாங்கக் காகிதங்களில் அது மிரட்டிப் பணம் பறிப்பதாகவே பதிவானது. முழுப் பொய்யா என்றால் இல்லை. காவல் கூலியை நிறுத்திய ஊரில் மாடு காணாமல் போவதும், துப்புச் சொல்பவருக்குத் துப்புக்கூலி கொடுத்தால் அதே மாடு திரும்பி வருவதும் நடந்தவைதான். இதை மறைத்துவிட்டு அவர்கள் எல்லோரும் அப்பாவிகள் என்று எழுதினால் அதுவும் இன்னொரு ஒருதலைப்பட்சமான கதைதான். ஆனால் அதிகாரம் கைமாறும்போது நடந்த இழுபறியை ரத்தத்திலேயே ஊறிய குணம் என்று எழுதுவது வேறு. அதே காலத்தில் வரி பாக்கிக்காக மாட்டை ஓட்டிக்கொண்டு போனது சர்க்கார். அதை யாரும் பரம்பரைக் குணம் என்று எழுதவில்லை, ஜப்தி என்றுதான் எழுதினார்கள்.

இப்போது அந்தப் "பழைய புத்தகங்கள்" விஷயத்துக்கு வருவோம். 1892-ல் சென்னை மாகாணப் போலீஸ் அதிகாரி முல்லாலி, மாகாணத்தின் குற்றக் கூட்டங்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். போலீஸ்காரர்கள் கையில் வைத்துக்கொள்ள எழுதியது. எந்தச் சாதி எப்படித் திருடும், என்ன ஆயுதம் வைத்திருக்கும், என்ன ஜாடைமொழி பேசும் என்கிற மாதிரி. 1909-ல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளை வெளியிட்டார். இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் புரட்டுவது அதைத்தான். அதில் முல்லாலியை எடுத்து எடுத்துப் போட்டிருக்கிறார். தர்ஸ்டனே போலீஸ்காரர்களுக்கு மனித உடல் அளவீடு பற்றி வகுப்பு எடுத்தவர், மூக்கின் அகலத்தை அளந்து மனிதர்களைத் தரம் பிரிக்கலாம் என்று நம்பியவர். அப்புறம் மாவட்ட கெசட்டியர்கள் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்துக்கொண்டன. கெசட்டியரைப் படித்துவிட்டு வந்த புது கலெக்டர் தன் அறிக்கையில் அதையே எழுதினார். அந்த அறிக்கையைக் காட்டி அறிவிக்கை போட்டார்கள். அறிவிக்கை வந்ததைக் காட்டிப் பத்திரிகையில் எழுதினார்கள். இன்று ஒருவர் "நாலைந்து புத்தகங்களில் பார்த்துவிட்டேன், எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கிறது" என்கிறார். எல்லாவற்றிலும் இருப்பது ஒரே போலீஸ் ஸ்டேஷன் பதிவேடு.

கதையைவிட மோசம் அடுத்த கட்டம். சட்டம் வந்த பிறகு பெயர் பதிவான ஆண்கள் போலீஸ் ஸ்டேஷனிலோ குறித்த இடத்திலோ ஆஜராக வேண்டும், பல ஊர்களில் இரவும் அங்கேயே படுக்க வேண்டும். கைரேகை வைக்க வேண்டும், அதனால்தான் மதுரைப் பக்கம் இன்றும் பெரியவர்கள் இதை ரேகைச் சட்டம் என்கிறார்கள். வெளியூர் போக ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வேண்டும், போன ஊரிலும் அதைக் காட்ட வேண்டும். மாமனார் வீட்டில் துக்கம் என்று சீட்டு வாங்காமல் ஒருவர் கிளம்பிப் போனால் அது குற்றம். தண்டனை உண்டு, அந்தத் தண்டனை பதிவேட்டில் ஏறும். வருடக் கடைசியில் அதிகாரி கணக்கு எடுக்கிறார்: இந்தச் சமூகத்தில் இத்தனை பேர் தண்டிக்கப்பட்டவர்கள். பாருங்கள், நாம் சொன்னது சரிதானே! மற்ற சாதிக்காரர் எவருக்கும் குற்றமாக இல்லாத ஒன்றை இவர்களுக்கு மட்டும் குற்றமாக்கி, அதை எண்ணி, இவர்கள் அதிகம் குற்றம் செய்கிறார்கள் என்று நிரூபித்தார்கள். இரவெல்லாம் ஸ்டேஷனில் கிடப்பவரைக் காவலுக்கோ அறுப்புக்கோ யார் வேலைக்கு வைப்பார்கள்? வேலை இல்லை என்றால் திரும்பவும் "கண்ணுக்குத் தெரிந்த பிழைப்பு இல்லை". செட்டில்மென்ட் என்று தனிக் குடியிருப்புகள் அமைத்து, சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு போன்றவற்றிடம் ஒப்படைத்துத் திருத்துகிறோம் என்றார்கள். ஆந்திரத்தின் ஸ்டுவர்ட்புரம் அப்படி அமைத்ததுதான், அங்கிருந்த எருகுலர்களின் உழைப்பு பக்கத்துச் சீராலாவின் புகையிலைத் தொழிலுக்குப் போனது. ஆனால் ஸ்டுவர்ட்புரம் என்றால் தெலுங்கு சினிமா பார்ப்பவர்களுக்கு இன்று என்ன ஞாபகம் வரும்? திருடர்கள் ஊர். புகையிலை இல்லை.

"அது வெள்ளைக்காரன் செய்தது, நமக்கு அந்த மனசு கிடையாது" என்று ஒரு பதில் வரும். மனசைப் பற்றி ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். 1976-ல் ஹாமில்டன், கிஃபர்டு என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது. யாருக்கும் எந்த முன்தீர்மானமும் இருக்கக் கூடாது என்பதற்காக வெறுமனே 'அ' குழு, 'ஆ' குழு என்று வைத்தார்கள். 'அ' குழு ஆட்களைப் பற்றி 26 வாக்கியங்கள், 18 நல்லது, 8 கெட்டது. 'ஆ' குழு பற்றி 13 வாக்கியங்கள், 9 நல்லது, 4 கெட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டிலும் விகிதம் ஒன்றுதான். ஆனால் படித்தவர்கள் சின்னக் குழுதான் மோசம் என்றார்கள், அதன் கெட்ட காரியங்களைக் கூடுதலாகவும் ஞாபகம் வைத்திருந்தார்கள். குறைவாகக் கண்ணில் படும் ஆட்களும் குறைவாக நடக்கும் காரியமும் சேர்ந்து வந்தால் மனது இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது. பகையே இல்லாத இடத்தில், பொய்யே சொல்லாமல், விகிதத்தைக்கூட மாற்றாமல் இது நடக்கிறது. இனி செய்தியில் பெரிய சாதிக்காரர் திருடினால் "வாலிபர் கைது" என்றும், குற்றப் பழங்குடி என்று அறிவிக்கப்பட்டிருந்த சாதிக்காரர் திருடினால் சாதிப் பெயரோடும் போட்டால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்ப்பு இல்லாமலா இருந்தது? இருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பிரமலைக் கள்ளர்கள் மேல் போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அரசாங்கக் கோப்பில் அது கலகம். ஊர் நினைவில் அது வேறு. மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் இவர்களுக்காக வாதாடினார், மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்றார்கள். முத்துராமலிங்கத் தேவரும் பலரும் போராடி 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது, 1952-ல் நாடு முழுக்க.

இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சிலருக்குப் பிடிக்காது என்றாலும் சொல்கிறேன். இன்று இந்த வரலாறு பேசப்படும்போதும் அது பெரும்பாலும் எண்ணிக்கையும் ஓட்டும் உள்ள சமூகங்களின் வரலாறாகவே பேசப்படுகிறது, வீரக் கதையாகவே பேசப்படுகிறது. குறவர், ஒட்டர் போன்றவர்களுக்கும் இதே சட்டம்தான், ஆனால் அவர்களுக்கு நினைவுத் தூணும் இல்லை, ஆண்டுதோறும் மாலை போட வருபவர்களும் இல்லை. முத்திரை குத்தப்பட்டவர்கள் அடுத்தவர் மேல் முத்திரை குத்த மாட்டார்கள் என்றும் இல்லை, ஒரு காலத்தில் ரேகை வைக்க வைக்கப்பட்டவர்களின் பேரன்கள் இன்று தங்களுக்குக் கீழே என்று நினைப்பவர்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் முல்லாலி புத்தகத்தைக் கேட்ட மாதிரியே இருக்கும்.

சட்டம் போனதும் கதையும் போனதா? 1948-லேயே சென்னை மாகாணத்தில் திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்களுக்கான சட்டம் வந்துவிட்டது, மற்ற மாநிலங்களும் அதே வழியில் போயின. காகிதத்தில் அது தனிமனிதரைப் பற்றியது, சாதியைப் பற்றியது இல்லை. ஆனால் பழைய பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் ஸ்டேஷனில் புதுப் பட்டியலில் யார் பெயர் முதலில் ஏறும்? 1993-ல் இன்றைய கடலூர் மாவட்டத்தில் ஒரு திருட்டுக்காகச் சந்தேகத்தில் பிடித்துச் செல்லப்பட்ட குறவர் ஒருவர் காவலில் இறந்தார். 'ஜெய் பீம்' படம் அந்த வழக்கிலிருந்து வந்ததுதான். படத்தில் அவர் இருளராக மாற்றப்பட்டார். அனுதாபத்தோடு எடுத்த படத்திலும் குறவர்களுக்குத் தங்கள் கதை தங்கள் பெயரில் கிடைக்கவில்லை. மேடையிலோ அவர்கள் பெயரில் ஆபாசமான ஆட்டம் வேண்டிய அளவு நடந்துகொண்டிருந்தது, 2023-ல்தான் தமிழ்நாடு அரசு குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தடை போட்டது. இந்தியச் சிறைகள் பலவற்றின் விதிப் புத்தகங்களில் அலைகுடிகள், குற்றப் பழங்குடிகள் என்ற பேச்சு அப்படியே இருந்ததும், அதை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் சாதிவாரியான சிறை வேலைகளோடு சேர்த்து ரத்து செய்ததும் பலருக்குத் தெரியாது. 1952-க்கும் 2024-க்கும் நடுவே எத்தனை வருடம் என்று நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

நல்ல கதைகளைச் சொன்னால் சரியாகிவிடும் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அந்தச் சமூகத்திலிருந்து ஒரு டாக்டரையோ ஐஏஎஸ் அதிகாரியையோ காட்டினால் கேட்பவர் "இவர் பரவாயில்லை, இவர் அவர்களைப் போல இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவரை விதிவிலக்காக ஒதுக்கி வைத்துவிட்டு விதியை அப்படியே காப்பாற்றிக்கொள்வது மனதுக்குச் சுலபம். அதைவிட, சாதாரணமான, கொஞ்சம் நல்லதும் கொஞ்சம் கெட்டதுமாக, கடன் வாங்கி, சண்டை போட்டு, பிள்ளையைப் படிக்க வைக்கும் பலரைத் தெரிந்துகொள்வதுதான் பலன் தரும். ஆள் நிறையத் தெரிந்துவிட்டால் "அவர்கள் எல்லாம்" என்று ஆரம்பிப்பதே வாயில் வராது.

கேட்டவருக்கு என் பதில்: அடுத்த முறை ஒரு கூட்டத்தைப் பற்றி ஊரே ஒரே மாதிரி சொல்லும்போது, முதலில் எழுதியவர் யார், அவருக்குச் சம்பளம் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். எத்தனை பேர் செய்தார்கள் என்று சொன்னால் எத்தனை பேரில் என்று கேளுங்கள், அதே காரியத்தை மற்றவர்கள் செய்தபோது அது எண்ணப்பட்டதா என்றும் கேளுங்கள். அந்த மக்கள் நூறு வருடத்துக்கு முன் என்ன தொழில் செய்தார்கள், அது ஏன் நின்றது என்று தேடுங்கள், இது ஒன்றே பாதிக் கதையைக் கலைத்துவிடும். அவர்கள் "இல்லை" என்று சொல்ல ஓர் இடம் இருந்ததா என்பது கடைசி.

"அப்படியானால் போலீஸ் பழைய குற்றவாளிகள் பட்டியலே வைத்திருக்கக் கூடாதா?" என்று அடுத்து கேட்பீர்கள். வைத்திருக்கட்டும். செய்த ஆளின் பெயர், அவர் செய்த குற்றம், தேதி, நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இவை இருக்கட்டும். அந்தப் பக்கத்தில் சாதி என்று ஒரு கட்டம் எதற்கு என்பதுதான் என் கேள்வி.